மைக்கேல் லௌட்ரப்: ஆட்டக்காரராக உச்சம், பயிற்சியாளராக ஏன் எங்கும் நிலைக்கவில்லை?

தெருமுனை10 எழுதியது:

தூக்கம் வராவிட்டால் பழைய கால்பந்து ஆட்டம் பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. நேற்று மாட்டியது 2008 ஏப்ரல் 10ஆம் தேதி நடந்த யூஃபா கோப்பைக் காலிறுதியின் இரண்டாம் ஆட்டம். ஹெடாஃபேவும் பேயர்ன் மியூனிக்கும். மியூனிக்கில் நடந்த முதல் ஆட்டம் 1-1. மாட்ரிட்டை ஒட்டி இருக்கும் ஒரு புறநகர் அணி, ஐரோப்பியப் போட்டியில் காலெடுத்து வைத்த முதல் வருடம். எதிரே ஆலிவர் கான், ரிபெரி, லூகா டோனி.

ஆறாவது நிமிடத்திலேயே ஹெடாஃபேயின் டி லா ரெட்டுக்குச் சிவப்பு அட்டை. மிச்சம் முழுக்கப் பத்துப் பேர். அந்தப் பத்துப் பேரோடு 44ஆவது நிமிடத்தில் கொன்ட்ரா கோல் போட்டார். 89ஆவது நிமிடம் வரை அதைக் காப்பாற்றினார்கள். ரிபெரி சமன் செய்தார். சரி, இனி மூச்சிரைத்து விழுந்துவிடுவார்கள் என்று பார்த்தால், கூடுதல் நேரம் தொடங்கி மூன்று நிமிடத்துக்குள் கஸ்கேரோ ஒன்று, பிராவ்லியோ ஒன்று. 3-1! அப்புறம் 115இல் கோல்கீப்பர் அபொண்டன்சியேரி கையிலிருந்து பந்து நழுவியது, டோனி தட்டிவிட்டார். 120இல் டோனியே இன்னொன்று. 3-3. இரண்டு ஆட்டமும் சேர்த்து 4-4, எதிரி மைதானத்தில் அதிக கோல் போட்ட அணிக்கே வெற்றி என்ற அப்போதைய கணக்கில் பேயர்ன் மேலே போனது.

அந்த ஹெடாஃபேயின் பயிற்சியாளர்தான் டென்மார்க்கின் மைக்கேல் லௌட்ரப். அடுத்த வாரமே ஸ்பெயினின் கோப்பையான கோபா டெல் ரே இறுதியில் வலென்சியாவிடம் 3-1 என்று தோற்றார்கள். சீசன் முடிந்ததும் மனிதர் பெட்டியைக் கட்டிவிட்டார்.

என் கேள்வி அந்தப் பெட்டியைப் பற்றியது. டென்மார்க்கின் பிரண்ட்பியில் 2002 முதல் 2006 வரை நான்கு வருடம் இருந்தார், அது சொந்த வீடு. அதற்குப் பிறகு ஹெடாஃபே ஒரு வருடம். ஸ்பார்டக் மாஸ்கோ ஏழு மாதம். மயோர்க்கா பதினான்கு மாதம். இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் ஸ்வான்சி இருபது மாதம். கத்தாரில் லெக்வியா ஒரு வருடம், அல் ரய்யான் இரண்டு வருடத்துக்கும் குறைவு. 2018க்குப் பிறகு எந்த அணியும் இல்லை. ஐம்பத்து நான்கு வயதில் ஓய்வு மாதிரி.

திறமை இல்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது, போன இடமெல்லாம் ஏதாவது ஒன்றைச் செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். அப்படியிருந்தும் ஏன் ஓரிடத்திலும் வேர் பிடிக்கவில்லை? உங்கள் கருத்து என்ன?

கோல்கம்பம் எழுதியது:

பதில் சுலபம் அண்ணே. சோம்பல்.

பிளாட்டினி யுவென்டஸில் இவரோடு சேர்ந்து ஆடியவர். பயிற்சி மைதானத்தில் உலகத்திலேயே சிறந்தவன் இவன்தான், ஆட்டத்தில்தான் முழுசாக வெளிவரவில்லை என்கிற அர்த்தத்தில் அவர் சொன்னது ஊரறிந்த சங்கதி. பயிற்சியாளராகவும் அதே கதை. முதல் ஆறு மாதம் அழகாக இருக்கும். அப்புறம் உழைக்க வேண்டிய நேரம் வரும், அணி தொங்கும். ஸ்வான்சியில் முதல் சீசன் ஒன்பதாம் இடம். இரண்டாம் சீசன் பிப்ரவரியில் பன்னிரண்டாம் இடம், கீழ் டிவிஷனுக்கு இறக்கப்படும் பகுதிக்கும் அவர்களுக்கும் இடையே இரண்டே புள்ளி. இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

மூன்றாம்பெஞ்சு எழுதியது:

நான் 2012இல்தான் பிரீமியர் லீக் பார்க்க ஆரம்பித்தேன். எனக்கு லௌட்ரப் என்றால் ஸ்வான்சிக்கு மிச்சுவை இரண்டு மில்லியன் பவுண்டுக்கு வாங்கியவர், அவ்வளவுதான். பெரியவர்கள் எல்லாம் ஏதோ தெய்வத்தைப் பற்றிப் பேசுவது மாதிரி பேசுகிறீர்கள். ஆட்டக்காரராக அப்படி என்ன?

தெருமுனை10 எழுதியது:

தம்பி, நீ கேட்டதற்கு ஒரு இரவு போதாது. சுருக்கிச் சொல்கிறேன்.

அப்பா ஃபின் லௌட்ரப்பும் டென்மார்க்குக்கு ஆடியவர். தம்பி பிரையனும் அப்படியே. மைக்கேல் பிறந்தது 1964 ஜூன் 15. டென்மார்க் அணிக்காக முதல் ஆட்டம் 1982 ஜூன் 15, சரியாகப் பதினெட்டாவது பிறந்தநாள், நார்வேக்கு எதிராக. அதில் கோலும் போட்டார். அடுத்த வருடம் யுவென்டஸ் வாங்கியது. ஆனால் இத்தாலியில் அப்போது ஓர் அணிக்கு இரண்டு வெளிநாட்டவர்தான். பிளாட்டினி, போனியெக் என்று இரண்டு நாற்காலியும் நிரம்பியிருந்ததால் லாட்சியோவுக்கு இரண்டு வருடம் கடனாக அனுப்பினார்கள். 1985இல் போனியெக் போன பிறகுதான் யுவென்டஸின் ஊரான டூரினில் இடம் கிடைத்தது. வந்த வருடமே டோக்கியோவில் அர்ஜென்டினோஸ் ஜூனியர்ஸுக்கு எதிரான கண்டங்களிடைக் கோப்பையில், கோல் கோட்டை ஒட்டி, கோணமே இல்லாத இடத்திலிருந்து சமன் செய்த கோல் இருக்கிறதே, தேடிப் பார்.

1986 உலகக் கோப்பையில் உருகுவேயை 6-1 என்று அடித்த ஆட்டம். அதில் அவர் போட்ட கோலில் ஆட்களை ஏமாற்றுவதற்கு வேகமே தேவைப்படவில்லை. உடம்பை ஒரு பக்கம் சாய்ப்பார், எதிரி அங்கே போவான், பந்து இந்தப் பக்கம் போகும்.

1989இல் பார்சலோனா, பயிற்சியாளர் க்ரைஃப். அங்கே ஸ்ட்ரைக்கர் இடத்தில் நின்றுகொண்டு பின்னால் இறங்கி வருவார். தடுப்பாளன் பின்தொடர்ந்தால் முதுகுக்குப் பின்னால் ஓட்டை, தொடராவிட்டால் இவருக்கு நேரம். மெஸ்ஸி செய்ததாக நீங்கள் பேசும் காரியம், அதற்கு இருபது வருடம் முன்னால். வலது காலிலிருந்து இடது காலுக்குப் பந்தைத் தட்டி இரண்டு பேருக்கு நடுவே நழுவும் ‘லா குரோகெட்டா’வை நீ இனியெஸ்டாவிடம் பார்த்திருப்பாய். இனியெஸ்டா இவரிடம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்துக்கொண்டே இடப்பக்கம் பாஸ் கொடுப்பதும் இவருடைய கைத்தொழில், இல்லை, கால்தொழில்.

1991 முதல் 94 வரை பார்சலோனாவோடு நான்கு லீக் பட்டம். 1995இல் ரியல் மாட்ரிட்டோடு ஐந்தாவது. 1994 ஜனவரி 8ஆம் தேதி பார்சலோனா ரியலை 5-0 என்று அடித்தபோது பார்சலோனாவில் இருந்தார். 1995 ஜனவரி 7ஆம் தேதி ரியல் பார்சலோனாவை 5-0 என்று அடித்தபோது ரியலில் இருந்தார். ஒரு வருடத்துக்கு ஒரு நாள் குறைவு. தெய்வம் என்று ஏன் பேசுகிறோம் என்று புரிகிறதா?

மூன்றாம்பெஞ்சு எழுதியது:

சரி சார், புரிந்துவிட்டது. டோக்கியோ கோலைப் பார்த்தேன். எப்படி அந்தக் கோணத்தில்?!

கோல்கம்பம் எழுதியது:

அந்த டோக்கியோ ஆட்டத்தின் பெனால்டி வரிசையில் அவர் தவறவிட்டதையும் சொல்லுங்கள் அண்ணே. யுவென்டஸ் ஜெயித்ததால் யாருக்கும் ஞாபகம் இல்லை.

ஹேர்னிங்வாசி எழுதியது:

வணக்கம். நான் டென்மார்க்கில் முப்பது வருடத்துக்கு மேலாக இருக்கிற ஈழத்தமிழன். உதைபந்தாட்டம் என்றால் எனக்கும் உயிர்தான். லௌட்ரப் பற்றி இங்கே உள்ளவர்கள் கதைக்கிற விதம் வேறு, அதைச் சொல்லலாம் என்று வந்தேன்.

இங்கே அவர் மேல் அன்பு இருக்கிறது, கூடவே ஒரு மெல்லிய கோபமும் இருக்கிறது. 2006இல் டேனிஷ் சங்கம் எல்லாக் காலத்துக்குமான சிறந்த ஆட்டக்காரர் என்று அவரைத்தான் தேர்ந்தெடுத்தது. ஆனால் ஒரு வயதான டேனிஷ்காரரிடம் பேச்சுக் கொடுத்தால் இரண்டாவது வசனத்தில் 1992 வந்துவிடும்.

நடந்தது இதுதான். 1990இல் செப் பியொன்டெக் போன பிறகு ரிச்சர்ட் மூலர் நீல்சன் தேசிய அணிக்குப் பொறுப்பேற்றார். இவரும் ஒரு காலத்தில் ஓடென்சேயில் ஆடியவர், காயத்தால் ஆட்டம் சீக்கிரம் முடிந்தது, பிறகு அதே ஓடென்சேயைப் பயிற்றுவித்து 1977, 1982 என்று இரண்டு முறை சாம்பியன் ஆக்கியவர். பகட்டு இல்லாத மனுசன். முதலில் தடுப்பைச் சரிசெய், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்கிற ஆள். க்ரைஃபிடம் ஆடிக்கொண்டிருந்த லௌட்ரப்புக்கு அது ஒத்துவரவில்லை. 1990 நவம்பரில் இரண்டு சகோதரர்களும் விலகினார்கள். பிரையன் 1992இல் திரும்பி வந்தார். மைக்கேல் வரவில்லை.

போர் காரணமாக 1992 ஐரோப்பிய நாடுகள் கோப்பையிலிருந்து யூகோஸ்லாவியாவை நீக்கிவிட்டு, போட்டி தொடங்கப் பத்து நாள் இருக்கும்போது டென்மார்க்கைக் கூப்பிட்டார்கள். பிறகு நடந்ததைச் சொல்லத் தேவையில்லை. அரையிறுதியில் நெதர்லாந்தின் வான் பாஸ்டன் அடித்த பெனால்டியை டேனிஷ் கோல்கீப்பர் ஷ்மைக்கேல் பிடித்தார். கோத்தன்பர்க் இறுதியில் ஜெர்மனியை 2-0. ஜோன் ஜென்சன் ஒன்று, கிம் வில்ஃபோர்ட் ஒன்று. டென்மார்க் இதுவரை வென்றதிலேயே பெரிய கோப்பை, அதில் டென்மார்க்கின் மிகப்பெரிய ஆட்டக்காரர் இல்லை.

கோல்கம்பம் எழுதியது:

எல்லாரும் கடற்கரையில் படுத்திருந்தார்கள், அங்கிருந்து கூட்டி வந்தார்கள் என்பார்களே, அதுதானே?

ஹேர்னிங்வாசி எழுதியது:

தம்பி, அந்தக் கடற்கரைக் கதை சொல்லச் சொல்ல வளர்ந்த கதை. அழைப்பு வந்த சமயத்தில், சோவியத் உடைந்த பிறகு வந்த சிஐஎஸ் அணியோடு ஒரு நட்பு ஆட்டம் டென்மார்க்குக்கு இருந்தது. அதற்காக ஆட்களைத் தெரிவு செய்திருந்தார்கள். படுத்துக் கிடந்தவர்களை எழுப்பிக் கொண்டு போகவில்லை. மூலர் நீல்சன் வீட்டில் சமையலறையைப் புதுப்பிக்க இருந்தார், கோப்பையால் அது தள்ளிப்போனது என்பதுதான் இங்கே எல்லோரும் சிரித்துச் சிரித்துச் சொல்கிற கதை.

வெள்ளைச்சட்டை எழுதியது:

தெருமுனை அண்ணே, உங்கள் கேள்விக்குப் பதில் ஹேர்னிங் அண்ணா எழுதியதிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

1990இல் பயிற்சியாளரின் பாணி பிடிக்கவில்லை, போய்விட்டார். 1994இல் ஏதென்ஸில் மிலானுக்கு எதிராக பார்சலோனாவின் ஐரோப்பிய கிளப் கோப்பை இறுதி. மூன்று வெளிநாட்டவர்தான் ஆடலாம். கூமன், ஸ்டொய்ச்கோவ், ரொமாரியோ என்று க்ரைஃப் முடிவு செய்தார். லௌட்ரப் பார்வையாளர் வரிசையில். மிலான் 4-0. எனக்குப் பயம் இருந்ததே லௌட்ரப்பைப் பார்த்துத்தான் என்று மிலான் பயிற்சியாளர் கபெல்லோவே பின்னால் சொன்னார். அந்தக் கோடையில் லௌட்ரப் போனது எங்கே? ரியல் மாட்ரிட்! அங்கே ஸமோரானோவுக்கு ஊட்டி ஊட்டி லீக்கில் அதிக கோல் போட்டவர் ஆக்கினார். ராவுல் என்கிற பதினேழு வயதுப் பையன் அப்போதுதான் முதல் அணிக்கு வந்திருந்தான். இரண்டே வருடம், அப்புறம் ஜப்பான், விஸ்ஸல் கோபே. அதற்குப் பிறகு அயாக்ஸ்.

மனிதர் சண்டை போட மாட்டார். கத்த மாட்டார். மரியாதை குறைகிறது என்று தோன்றினால் எழுந்து போய்விடுவார். ஆட்டக்காரருக்கு அது கட்டுப்படியாகும், போன இடத்தில் கால் பேசும். பயிற்சியாளருக்கு அது எப்படிச் செல்லும்? தலைவரோடு, இயக்குநரோடு, ஏஜென்டோடு தினம் ஒரு பஞ்சாயத்து இருக்கும். அதில் உட்கார்ந்து மல்லுக்கட்டுகிறவன்தான் பத்து வருடம் தாக்குப்பிடிப்பான்.

மயோர்க்காவைப் பாருங்கள். 2010 கோடையில் போனார். அதற்கு முந்தைய சீசனில் ஐந்தாவதாக முடித்து யூரோப்பா லீக் இடம் வாங்கியிருந்த அணி. கடன் பிரச்சினை என்று யூஃபா அந்த இடத்தைப் பறித்துவிட்டது. காசில்லாத அந்த அணியோடு முதல் ஆட்டத்தில், மொரின்யோவின் முதல் லீக் ஆட்டம் என்று ஊரே பார்த்துக்கொண்டிருந்த ரியலை 0-0 என்று நிறுத்தினார். பார்சலோனாவின் கேம்ப் நூவில் 1-1. கடைசி நாளில் அட்லெட்டிகோவிடம் 4-3 என்று தோற்றும், டெப்போர்ட்டிவோவும் தோற்றதால் கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் லீக்கில் தங்கினார்கள். அடுத்த செப்டம்பரிலேயே விலகிவிட்டார். விளையாட்டு இயக்குநர் செர்ரா ஃபெரரோடு ஒத்துப்போகவில்லை, கூட இருந்த உதவியாளரை வெளியே அனுப்பினார்கள், இவரும் போனார். 1990இன் மறு ஒளிபரப்பு.

புள்ளிவிவரப்புலி எழுதியது:

‘எழுந்து போகிறவர்’ என்ற சூத்திரம் அழகாக இருக்கிறது, ஆனால் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. ஸ்பார்டக்கில் அவர் எழுந்து போகவில்லை, எழுப்பிவிட்டார்கள். 2009 ஏப்ரலில் கோப்பை ஆட்டத்தில் டைனமோ மாஸ்கோவிடம் 3-0, உடனே வேலை போனது. ஸ்வான்சியிலும் 2014 பிப்ரவரி 4ஆம் தேதி நீக்கியது நிர்வாகம்தான். அந்த ஒப்பந்தம் 2015 வரை இருந்தது. ஆக ஆறு வெளிநாட்டு வேலைகளில் இரண்டில் நீக்கம்.

கோல்கம்பம், உங்களுக்கும் ஒன்று. சோம்பேறி எப்படிக் கோப்பை வாங்குகிறார்? பிரண்ட்பியில் 2003 டேனிஷ் கோப்பை, 2005இல் லீக், கோப்பை இரண்டும். ஸ்வான்சியில் 2013 லீக் கோப்பை. லெக்வியாவில் 2015 கத்தார் லீக். ஆட்டக்காரர் காலத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் இது ஒரு மரியாதையான கணக்கு.

கோல்கம்பம் எழுதியது:

லீக் கோப்பை இறுதியில் எதிரே நான்காம் டிவிஷன் பிராட்ஃபர்டு. அதை நானே ஜெயித்திருப்பேன்.

வெள்ளைச்சட்டை எழுதியது:

அந்த இறுதிக்கு வர ஆன்ஃபீல்டில் லிவர்பூலை 3-1, அரையிறுதியில் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜில் செல்சியை 2-0 என்று அடித்தார்கள். அதையும் நீங்களே செய்திருப்பீர்களா?

ஸ்வான்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பயிற்சியாளர் லௌட்ரப் யார் என்று தெரிய அந்த ஒரு சீசன் போதும்.

பிரெண்டன் ராட்ஜர்ஸ் லிவர்பூலுக்குப் போய்விட்டார். ஜோ ஆலனும் அவர் பின்னாலேயே போனார், சிகுர்ட்சன் டாட்டனாமுக்கு. அணி கீழே இறங்கும் என்றுதான் எல்லோரும் கணித்தார்கள். ராட்ஜர்ஸின் ஸ்வான்சி பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு இளைப்பாறும். பின்வரிசையில் தட்டித் தட்டி எதிரியை ஓடவிடும். லௌட்ரப் அந்தப் பாஸ் பழக்கத்தைக் கலைக்கவில்லை. ஆனால் பந்து கிடைத்ததும் இரண்டு மூன்று தட்டுக்குள் முன்னால் போக வேண்டும் என்று மாற்றினார். டையர், ரௌட்லெட்ஜ் போன்ற வேகக்கால்கள் விளிம்பில். நடுவில் ஸ்ட்ரைக்கரா மிட்ஃபீல்டரா என்று எதிரிக்கே விளங்காத ஒருவர், மிச்சு. ராயோ வயெகானோவிலிருந்து வந்தவர். யோசித்துப் பார்த்தால் க்ரைஃப் லௌட்ரப்பை நிறுத்திய இடத்துக்குப் பக்கத்து இடம்தான். தடுப்பாளனுக்கும் நடுவரிசைக்கும் இடையில், யாருடைய ஆள் என்று தெரியாத வெளியில். முதல் ஆட்டமே குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸை அவர்கள் மைதானத்தில் 5-0, மிச்சு இரண்டு.

ஆட்கள் வாங்கியதும் ஸ்பெயினை அறிந்தவர் வாங்கிய மாதிரி. சிகோ ஃப்ளோரெஸ், வலென்சியாவிலிருந்து பாப்லோ எர்னாண்டெஸ், கடனாக டி குஸ்மான். விலை எல்லாம் பிரீமியர் லீக்கின் சில்லறைக் கணக்கு.

2013 பிப்ரவரி 24, வெம்ப்லி. சிகோ இல்லை. மிட்ஃபீல்டரான கி சுங்-யுவெங்கை ஆஷ்லி வில்லியம்ஸுக்குப் பக்கத்தில் தடுப்பில் நிறுத்தினார். கோப்பை இறுதியில்! எதிரணி பந்தைத் தொடப்போவதில்லை, அப்படியானால் அங்கே நல்ல பாஸ் கொடுக்கிறவன் நின்றால் என்ன என்கிற கணக்கு. கோல்கம்பம், ‘நானே ஜெயித்திருப்பேன்’ என்கிறீர்களே, இது தோன்றியிருக்குமா? 5-0. டையர் இரண்டு, மிச்சு ஒன்று, டி குஸ்மான் இரண்டு. ஹாட்ரிக் ஆசையில் பெனால்டியை யார் அடிப்பது என்று டையர் டி குஸ்மானோடு மைதானத்திலேயே சண்டை போட்டதுதான் அன்றைக்கு இருந்த ஒரே பதற்றம். 1912இல் தொடங்கிய கிளப்பின் நூற்றாண்டு சீசன் அது. அதுவரை பெரிய கோப்பை ஒன்றுகூட இல்லை.

மூன்றாம்பெஞ்சு எழுதியது:

அரையிறுதி இரண்டாம் ஆட்டத்தில்தானே செல்சியின் ஹஸார்டு பந்து பொறுக்கும் பையனை உதைத்துச் சிவப்பு அட்டை வாங்கினார்? அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

வெள்ளைச்சட்டை எழுதியது:

அதேதான். 0-0 என்று முடிந்த ஆட்டம், உலகம் முழுக்கப் பேசியது அந்த ஓர் உதையைத்தான். கால்பந்து ரசிகர்களின் ஞாபகசக்தி இப்படித்தான்.

கோல்கம்பம் எழுதியது:

சரி, கி விஷயம் எனக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இரண்டாம் சீசன்?

தெருமுனை10 எழுதியது:

இரண்டாம் சீசனை நான் அப்போது வாராவாரம் பார்த்தேன். வில்ஃப்ரிட் போனியைப் பன்னிரண்டு மில்லியனுக்கு வாங்கினார்கள், நல்ல கொள்முதல். செப்டம்பரில் வலென்சியாவை அவர்கள் மைதானத்திலேயே 3-0. எல்லாம் சரிதான். ஆனால் வியாழக்கிழமை ஐரோப்பா, ஞாயிற்றுக்கிழமை லீக் என்று ஓடுவதற்கு ஸ்வான்சியிடம் ஆள் இல்லை. மிச்சு காயம். ஜனவரி தொடக்கத்தில் ஓல்டு டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டை எஃப்ஏ கோப்பையில் 2-1 என்று வெளியேற்றினார்கள். அதற்கு ஒரு மாதம் கழித்து வெஸ்ட் ஹாமிடம் 2-0 தோல்வி, மூன்று நாளில் நீக்கம். யூரோப்பாவில் அடுத்து நாப்போலி காத்திருந்தது, அதைப் பயிற்சியாளராகப் பார்த்தது கேரி மங்க்தான். நேற்று வரை சக ஆட்டக்காரர்களோடு ஓடிக்கொண்டிருந்த மங்க்!

அதனால் உழைப்புக் குறைவு என்ற வாதத்தை நான் முழுசாகத் தள்ளவும் இல்லை, ஏற்கவும் இல்லை. அவருடைய அணிகள் பெரிய நாட்களில் பிரமாதமாக ஆடும். வலென்சியா, ஓல்டு டிராஃபோர்டு, பேயர்ன். நவம்பர் மழையில், யாரும் பார்க்காத ஒரு சனிக்கிழமையில் ஒரு புள்ளியைக் கல்லிலிருந்து உரிக்க வேண்டுமென்றால்தான் தடுமாறும்.

ஹேர்னிங்வாசி எழுதியது:

பிரண்ட்பி காலத்தை எல்லோரும் ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். இங்கே இருந்து பார்த்தவனுக்கு அதுதான் அவருடைய சிறந்த காலம்.

அதற்கு முதல் மோர்டன் ஓல்சனுக்கு உதவியாளராக 2000 முதல் 2002 வரை தேசிய அணியில் இருந்தார். மூலர் நீல்சனின் அணிக்கு நேர் எதிரான விளையாட்டு, விளிம்புவரை விரித்துத் தாக்குவது. 2002 உலகக் கோப்பையில் அப்போதைய சாம்பியன் பிரான்ஸை 2-0 என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு இங்கிலாந்திடம் 3-0, அதை விடுவோம்.

பிரண்ட்பிக்குப் போனபோது உதவியாளராக யாரைக் கூட்டிக்கொண்டார் தெரியுமோ? ஜோன் ஜென்சன். 1992 இறுதியில் முதல் கோல் அடித்த அதே ஆள், பட்டப்பெயர் ‘ஃபாக்ஸே’. தான் இல்லாமல் வென்ற கோப்பையின் கோல்காரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான்கு வருடம் வேலை செய்தார். அவர் மனதில் கசப்பு இருந்திருந்தால் இது நடக்குமோ? நான் ஒருக்கா இதை வேலைத்தலத்தில் சொன்னேன். எதிரே இருந்த டேனிஷ் பெரியவர் கோப்பியை வைத்துவிட்டு, அதை நான் இப்படி யோசிக்கவில்லை என்றார்.

பெடியன்களுக்கு இடம் கொடுத்தார். டேனியல் ஆகர் அவருக்குக் கீழேதான் முதல் ஆட்டம் ஆடினான், இரண்டு வருடத்துக்குள் லிவர்பூல் வாங்கியது. காலென்பர்க் அங்கிருந்துதான் பிரான்ஸுக்குப் போனான். 2005இல் எஃப்சி கோபன்ஹேகனை 5-0 என்று அடித்தார்கள். (5-0 என்றால் இந்த மனுசனுக்கு ஏதோ ராசி போல.) அந்த வருடம் இரட்டைப் பட்டம். அடுத்த வருடம் கோபன்ஹேகன் பட்டத்தைப் பிடித்தது, ஒப்பந்தத்தை நீட்டாமல் போய்விட்டார்.

புள்ளிவிவரப்புலி எழுதியது:

ஓல்சன் பெயர் வந்ததால் சொல்கிறேன், எனக்கு உண்மையான ஒப்பீடு அவரோடுதான். அவரும் பெரிய ஆட்டக்காரர், டென்மார்க்குக்கு 102 ஆட்டம், ஆண்டர்லெக்டோடு 1983 யூஃபா கோப்பை. பயிற்சியாளராக பிரண்ட்பி, கொலோன், அயாக்ஸ். 1998இல் அயாக்ஸோடு லீக், கோப்பை இரண்டும் வென்றபோது அவர் அணியில் ஆடியவர் லௌட்ரப்பேதான், அதுவே அவருடைய கடைசி கிளப் சீசன். அதே வருடக் கடைசியில் ஓல்சனை அயாக்ஸ் நீக்கியது. கிளப்பில் அவருக்கும் வேர் பிடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பிறகு 2000 முதல் 2015 வரை பதினைந்து வருடம் டென்மார்க். ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் ஒரே நாட்டுக்கு நூறு ஆட்டம் தாண்டிய முதல் மனிதர்.

என்ன வித்தியாசம்? ஓல்சனுக்கு ஒரு வேலை பொருந்தியது. தினசரி பஞ்சாயத்து இல்லாத, ஏஜென்ட் தொல்லை குறைந்த, வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பெரிய நாள் மட்டும் இருக்கும் வேலை. தெருமுனை அண்ணன் எழுதிய அந்த ‘பெரிய நாள்’ விஷயத்தைப் படித்ததும் எனக்கு இதுதான் தோன்றியது. லௌட்ரப்பும் தேசிய அணிக்குச் செய்யப்பட்டவர். அந்த நாற்காலியில் பதினைந்து வருடம் அவருடைய குருவே உட்கார்ந்திருந்தார்.

வெள்ளைச்சட்டை எழுதியது:

புலி, இது நான் எழுதியிருக்க வேண்டியது! பொறாமையாக இருக்கிறது.

கோல்கம்பம் எழுதியது:

இது எனக்கும் சரியாகப் படுகிறது. ஆனால் தேசிய அணியை 1990இல் உதறிய ஆளுக்கு அந்த நாற்காலியைக் கொடுப்பார்களா, அதுவும் கேள்வி.

ஹேர்னிங்வாசி எழுதியது:

கொடுப்பார்கள் தம்பி. 1993இல் அதே மூலர் நீல்சனிடம் திரும்பிப் போய் ஆடினாரே. 1995இல் சவூதியில் நடந்த கான்ஃபெடரேஷன் கோப்பையில் அர்ஜென்டினாவை 2-0 என்று வென்றபோது ஒரு கோல் இவருடைய பெனால்டி, அணிக்குப் பொறுப்பு மூலர் நீல்சன். ஆக இருவரும் சேர்ந்து ஒரு கோப்பை வென்றிருக்கிறார்கள். அதை டென்மார்க்கிலேயே பாதிப் பேர் மறந்துவிட்டார்கள். 1998இல் நைஜீரியாவை 4-1 என்று அடித்து, காலிறுதியில் பிரேசிலிடம் 3-2 என்று தோற்ற ஆட்டத்தோடு காலணியைக் கழற்றினார். 104 ஆட்டம், 37 கோல். அந்தக் கணக்கோடு கேட்டால் இங்கே மறுக்கிறவன் இல்லை.

கோல்கம்பம் எழுதியது:

1995 எனக்குத் தெரியவே தெரியாது. சோம்பல் என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். ‘கொஞ்சம் சோம்பல்’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம்பெஞ்சு எழுதியது:

தெருமுனை சார், அந்த ஹெடாஃபே ஆட்டத்தை இன்றைக்கு இரவு பார்க்கப்போகிறேன். முடிவு தெரிந்துவிட்டது, பரவாயில்லை.

தெருமுனை10 எழுதியது:

பார். 114ஆவது நிமிடத்தில் நிறுத்திவிட்டுப் படு.

மூன்றாம்பெஞ்சு எழுதியது:

நிறுத்த முடியவில்லை சார். மணி இரண்டரை. கடைசியில் ஆலிவர் கானே கோலை விட்டுவிட்டு முன்னால் ஓடுகிறார்! நாளைக்கு அந்த மயோர்க்கா 4-3.